மஸ்கனும் மிஸ்கீனும்: திருப்பூர்த் தொழிலாளியின் சொந்த வீடு

அரபு மொழியில் 'ஸகன' என்னும் வேர்ச்சொல் அசைவற்று நிற்றல், அமைதி கொள்ளல், குடியிருத்தல் என்று பொருள் விரியும். குடியிருக்கும் இடத்தைக் குறிக்கும் 'மஸ்கன்', உள்ளத்தின் அமைதியைக் குறிக்கும் 'ஸகீனத்', வறியவரைக் குறிக்கும் 'மிஸ்கீன்' ஆகிய மூன்று சொற்களும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. வறுமை ஒருவரை நடமாட இயலாதவாறு முடக்கி உட்கார வைத்துவிடுவதால் அவர் மிஸ்கீன் எனப்பட்டார் என்று மொழியறிஞர்கள் விளக்கம் தருவர். திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம், 80ஆம் வசனத்தில், மனிதர்களுடைய வீடுகளை அவர்களுக்கு அமைதித் தலங்களாக ஆக்கியதை அல்லாஹ்வின் அருட்கொடைகளுள் ஒன்றாக எடுத்துரைக்கிறது. ஒரே வேரிலிருந்து பிறந்த வீட்டையும் அமைதியையும் இழந்து, வறுமையை மட்டும் கைக்கொண்டு நிற்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும்போது, இச்சொல்லாய்வு வெறும் மொழிப்பாடமாக நின்றுவிடுவதில்லை.

சில காலத்திற்கு முன் திருப்பூர்ப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பனியன் கம்பெனியில் டைலராக வேலை செய்யும் ஒரு சகோதரர் நம்மை அணுகி ஸலாம் கூறினார். "ஹஜ்ரத், பதினெட்டு வருடமாக வாடகை கொடுத்து வருகிறேன், ஏழு வீடு மாறிவிட்டேன். இப்போது ஒரு சிறிய வீடு விலைக்கு வருகிறது. வங்கிக் கடன் வாங்கலாமா?" என்று கேட்டார். வட்டி ஹராம் என்ற மார்க்கச் சட்டத்தை நாம் எடுத்துச் சொன்னோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பின்பு, "அப்படியானால் வேறு வழி என்ன?" என்றார். அந்த இரண்டாம் கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் ஒரு முயற்சியாகும்.

பனியன் நகரமும் லைன் வீடுகளும்

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் உள்ள தொடர்பு தொன்மையானது. 1925ஆம் ஆண்டளவில் குலாம் காதர் சாஹிப் அவர்கள் கல்கத்தாவில் கண்ட பின்னல் இயந்திரத்தை இவ்வூருக்குக் கொண்டுவந்து தொடங்கிய 'பேபி நிட்டிங்' நிறுவனமே இங்கு எழுந்த முதல் பனியன் கம்பெனி என்று இத்தொழிலின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியபின் நகரம் விரைந்து வளர்ந்தது. தேனி, மதுரை, நெல்லை, இராமநாதபுரம் என்று தென்மாவட்டங்களிலிருந்தும், அண்மைக் காலத்தில் ஒடிசா, பீகார் போன்ற வடமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர்.

வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை லைன் வீடுகள். ஒரே வரிசையில் ஒன்றையொன்று ஒட்டிய அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் சமையல், கோடியில் பலருக்கும் பொதுவான கழிப்பறை, முறைவைத்துப் பிடிக்கும் குடிநீர் என்பதே அவற்றின் பொதுவான அமைப்பு. நகரைச் சுற்றிய நில உடைமையாளர்கள் பலர், விவசாயம் நலிந்தபின் தம் நிலத்தில் இத்தகைய வரிசைகளைக் கட்டி வாடகைக்கு விட்டனர். அவர்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆனால் வாடகையும் அட்வான்சும் ஆண்டுதோறும் ஏற, உரிமையாளர் சொல்லும் நாளில் காலி செய்ய வேண்டிய நிலையில் வாழும் குடும்பத்திற்கு 'ஸகன்' என்னும் சொல்லின் பொருள் கிட்டுவதில்லை. வீடு மாறும்போதெல்லாம் பிள்ளைகளின் பள்ளி மாறுகிறது, முகவரி மாறுகிறது, மக்தப் மதரஸாவில் பாதியில் நின்ற பாடமும் அப்படியே நின்றுவிடுகிறது.

இவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். கணவன் டைலர், மனைவி செக்கிங் என்று இருவரும் சம்பாதிக்கும் குடும்பங்கள் பல. எனினும் சனிக்கிழமைதோறும் வாரக்கூலி. அதுவும் பீஸ் ரேட் கணக்கில், காண்ட்ராக்டர் வழியாக. ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லையேல் வெறுங்கை. சம்பளச் சீட்டும் வருமானவரிக் கணக்கும் கேட்கும் வங்கியின் பார்வையில் இவர்களுக்கு வருமானமே இல்லை. ஜகாத் பங்கிடும் கமிட்டியின் பார்வையிலோ இவர்கள் சம்பாதிப்பவர்கள், ஏழைகள் அல்லர். இரண்டு கதவுகளுக்கும் நடுவே நிற்கும் இவர்களைப் பற்றியதே நமது கவலை.

உழைத்தும் வறியவர்

இத்தகையோரை மார்க்கம் எவ்வாறு நோக்குகிறது? அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 79ஆம் வசனம், கடலில் தொழில் செய்துவந்த கப்பல்காரர்களை 'மஸாகீன்' என்று அழைக்கிறது. அவர்களுக்குக் கப்பல் இருந்தது, தொழிலும் இருந்தது. இருந்தும் இறைமறை அவர்களை மிஸ்கீன்கள் என்றே குறித்தது. இவ்வசனத்தை ஆதாரமாகக் கொண்டு, ஓரளவு வருவாய் இருந்தும் அது தேவைக்குப் போதாதவரே மிஸ்கீன் என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் வரையறுத்தனர். ஹனஃபி அறிஞர்கள் ஃபகீர், மிஸ்கீன் ஆகிய இரு சொற்களின் வேறுபாட்டை மாற்றிக் கூறினாலும், குடியிருக்கும் வீட்டை அடிப்படைத் தேவைகளில் ஒன்றாகவே கருதி, அதனை ஜகாத்தின் நிஸாபில் சேர்க்காமல் விலக்கினர். ஆக, தையல் இயந்திரத்தின் முன் நாள்முழுதும் அமர்ந்தும் கூரைக்கு வழியற்றவர் நமது ஃபிக்ஹு நூல்களுக்கு அந்நியரல்லர்.

அந்தலூசியாவின் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (ரஹ்) தமது 'அல்முஹல்லா' நூலில், ஒவ்வோர் ஊரின் செல்வந்தர்கள் மீதும் அவ்வூர் ஏழைகளுக்கு உணவும் உடையும் மட்டுமின்றி, மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் வழிப்போக்கர்களின் பார்வையிலிருந்தும் காக்கும் உறைவிடத்தையும் அளிப்பது கடமை என்று எழுதியுள்ளார். பார்வையிலிருந்து காத்தல் என்பதை அவர் சேர்த்திருப்பது நம் சிந்தனைக்குரியது. லைன் வீட்டின் பொதுக் குளியலறைக்கு விடியுமுன் வரிசையில் நிற்கும் பெண்களின் நிலையை அறிந்தவர்களுக்கு அதன் ஆழம் விளங்கும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்தபோது முஹாஜிர்களின் முதல் தேவை வீடாகவே இருந்தது. தொடக்கத்தில் அவர்களை யார் யார் வீட்டில் தங்கவைப்பது என்று அன்ஸாரிகள் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொண்டனர். பின்னர் அன்ஸாரிகள் மனமுவந்து அளித்த காலி நிலங்களையும், யாருக்கும் உரிமையற்ற நிலங்களையும் நபியவர்கள் மனைகளாக வகுத்து முஹாஜிர்களுக்கு வழங்கினார்கள். விருந்தாளியாக வைத்துக்கொள்வது முதற்படி; சொந்த மனைக்கு வழிசெய்வது இரண்டாம் படி. நமது தர்மங்கள் பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன.

இரண்டாம் படியில் ஏறத் தடையாக மூன்று முடிச்சுகள் உள்ளன: நிலம், தரகு, வட்டி. மூன்றையும் ஒருசேர அவிழ்த்த முன்மாதிரி நாம் அறிந்தவரை இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அவிழ்த்தவர்கள் உண்டு.

நிலம்: ஸோலாப்பூரின் பாடம்

மகாராஷ்டிரத்தின் ஸோலாப்பூர், திருப்பூரைப் போன்றே ஒரு ஜவுளி நகரம். போர்வையும் டவலும் நெய்யும் விசைத்தறிகள் அதன் அடையாளம். பீடி சுற்றும் பெண்கள் அதன் மற்றொரு முகம். அப்பெண்களைத் தொழிற்சங்கத் தலைவரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான நரசய்யா ஆடம் முன்னின்று ஒரு வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கமாக ஒன்றுதிரட்டினார். நகருக்கு வெளியே கும்பாரி என்னும் கிராமத்தில் சங்கத்தின் பெயரால் நிலம் பெறப்பட்டது. மத்திய அரசு, மாநில அரசு, தொழிலாளி ஆகிய முத்தரப்பின் பங்கில் பத்தாயிரம் வீடுகள் எழுந்தன. 2006ஆம் ஆண்டு அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அவற்றைத் தொழிலாளர்களிடம் ஒப்படைத்தார்.

அதைத் தொடர்ந்து அங்கு விசைத்தறித் தொழிலாளர், கைத்தறி நெசவாளர், பீடித் தொழிலாளர், நடைபாதை வணிகர், குப்பை சேகரிப்போர், ஓட்டுநர் எனப் பல தரப்பினருக்காக முப்பதாயிரம் வீடுகள் கொண்ட 'ரே நகர்' திட்டம் உருவாயிற்று. 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஜனவரியில் முதல் பதினைந்தாயிரம் வீடுகளைப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, சங்கம் மாறாமல் நின்று கோரிக்கையைத் தாங்கியது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அரசின் மானியம் நாடெங்கும் உள்ளது. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், கூட்டு முயற்சியாகக் கட்டப்படும் வீடு ஒன்றுக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் அளித்தது. 2024இல் அத்திட்டத்தின் இரண்டாம் கட்டமும் தொடங்கியது. தமிழ்நாட்டிலும், முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்து 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர்பெற்ற அமைப்பு, திருப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியுள்ளது. ஆயினும் தனியொரு தொழிலாளியால் மானியத்தைத் தேடிச் செல்ல முடிவதில்லை. இந்தியாவில் எங்கும் குடும்பத்தினர் பெயரில் காரை வீடு இல்லை என்று காட்ட வேண்டும். பயனாளியின் பங்குத் தொகையை உரிய நாளில் கட்ட வேண்டும். ஆவணங்களுக்கு வேலைநாளை இழந்து அலைய வேண்டும். ஸோலாப்பூரில் இந்த அலைச்சலைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. நிலத்தைத் தனித்தனிச் சென்ட் கணக்கில் அன்றி ஏக்கர் கணக்கில் மொத்தமாக வாங்கியதால் விலையும் தாழ்ந்தது. முதல் முடிச்சை அவிழ்த்தது பணமன்று, அமைப்பு.

தரகு: ஸிந்துவின் 'குதா கீ பஸ்தி'

ஏழைகளுக்கென்று ஒதுக்கப்படும் மனைகள் ஏழைகளின் கையில் நிலைப்பதில்லை என்பது எல்லா நாடுகளிலும் கேட்கும் குறை. தரகர்கள் பெயரளவு விண்ணப்பங்களில் மனைகளைப் பெற்று, விலையேறும்வரை பூட்டி வைப்பர். பாகிஸ்தானின் ஸிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 1980களின் நடுவில், அதிகாரியான தஸ்னீம் அஹ்மத் ஸித்தீகீ இதற்கு ஒரு மாற்று கண்டார். அத்திட்டத்திற்கு மக்கள் வழங்கிய பெயர் 'குதா கீ பஸ்தி', அதாவது இறைவனின் குடியிருப்பு.

முறை எளியது. மனை வேண்டுவோர் தம் குடும்பத்தோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் வந்து, வரவேற்புத் திடலில் சில நாட்கள் தங்க வேண்டும். உண்மையில் வீடற்றவர் மட்டுமே அவ்வாறு வந்து தங்குவர், தரகர் தங்கமாட்டார். பின்னர் சிறு முன்தொகையில் மனை தரப்படும். உடனே குடிசையேனும் போட்டுக் குடியேற வேண்டும். மனையைக் காலியாக விட்டால் ஒதுக்கீடு ரத்தாகும். தொடக்கத்தில் பொதுக் குடிநீர் மட்டும். குடும்பங்கள் தவணை கட்டக் கட்டக் கழிவுநீர்க் குழாயும் மின்சாரமும் சாலையும் படிப்படியாக வந்தன. வீடும் அவரவர் வசதிப்படி ஓலையிலிருந்து செங்கல்லுக்கு வளர்ந்தது. இத்திட்டத்திற்கு 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

திருப்பூரைச் சுற்றிப் பல்லடம், அவிநாசி, காங்கயம் சாலைகளில் மனைத் தவணை கட்டி ஏமாந்த தொழிலாளர்களை நாம் அறிவோம். அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் தடைசெய்ததும், 2017இல் அரசு வரன்முறை விதிகள் கொண்டுவந்ததும் நினைவிருக்கலாம். குறைந்த விலை என்று எண்ணி வாங்கிய இரண்டு சென்ட் நிலத்தைப் பதிவுசெய்யவோ விற்கவோ இயலாமல் அக்காலத்தில் தவித்தவர்கள் பலர். ஆகவே அங்கீகாரம் பெற்ற நிலம், குடியேறினால்தான் உரிமை, குறிப்பிட்ட காலம்வரை விற்பதாயின் சங்கத்திற்கே விற்க வேண்டும் என்னும் ஒப்பந்தம் ஆகிய மூன்றும் எந்த முயற்சிக்கும் அடித்தளமாக வேண்டும்.

வட்டி: குறைந்து செல்லும் கூட்டுரிமை

இனி நம் சகோதரரின் கேள்விக்கு வருவோம். வீட்டுக்காக வட்டிக் கடன் வாங்குவது பற்றி உலமாக்கள் நீண்ட காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1990ஆம் ஆண்டு தனது ஆறாவது அமர்வில், வட்டிக் கடன் கூடாது என்று கூறியதோடு நின்றுவிடாமல், தவணை விற்பனை, செய்துதரும் ஒப்பந்தமான 'இஸ்திஸ்னாஃ' முதலிய மாற்று வழிகளையும் பரிந்துரைத்தது. மேலைநாட்டு முஸ்லிம்களின் நிலையைக் கருதி, ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் 1999இல் தேவையின் அடிப்படையில் நிபந்தனையோடு சலுகை வழங்கியது. அறிஞர்கள் பலர் அதனை ஏற்கவில்லை. இக்கருத்து வேறுபாட்டில் தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. சலுகையைத் தேடும் நிலைக்கு மக்கள் தள்ளப்படுவதைத் தடுப்பதே நமது நோக்கம்.

கனடாவின் டொராண்டோ நகரில் 1980களின் தொடக்கத்தில் முஸ்லிம்கள் சிலர் ஓர் இஸ்லாமியக் கூட்டுறவு வீட்டு வசதிக் கழகத்தைத் தொடங்கினர். உறுப்பினர்கள் பங்குகள் வாங்குவர். திரண்ட தொகையில், முறை வந்த உறுப்பினரோடு சேர்ந்து கழகம் வீட்டை வாங்கும். ஃபிக்ஹில் 'முஷாரகா முதனாகிஸா' எனப்படும் குறைந்து செல்லும் கூட்டுரிமையே இதன் அடிப்படை.

எளிமைக்காக ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு வீட்டின் விலை பத்து லட்சம் ரூபாய் எனக் கொண்டு, அதை நூறு பங்குகளாகப் பிரிப்போம். குடும்பம் தன் சேமிப்பிலும் தீபாவளி போனஸிலும் சேர்த்த இரண்டு லட்சத்தில் இருபது பங்குகளைப் பெறுகிறது. எஞ்சிய எண்பது சங்கத்தினுடையவை. அவ்வீட்டின் நியாயமான வாடகை மாதம் ஐயாயிரம் என்றால், சங்கத்தின் பங்குக்குரிய நாலாயிரத்தைக் குடும்பம் வாடகையாகச் செலுத்தும். கூடவே மாதம் ஐயாயிரம் சேர்த்து, இரண்டு மாதத்திற்கு ஒரு பங்கைச் சங்கத்திடமிருந்து வாங்கும். விலை மாறாதிருந்தால், ஆறு ஆண்டு எட்டு மாதத்தில் குடும்பத்தின் பங்கு அறுபதாகும். வாடகை இரண்டாயிரமாகக் குறையும். பதின்மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் வீடு முழுவதும் குடும்பத்தினுடையதாகும். நம்மிடம் கேள்வி கேட்டவர் பதினெட்டு ஆண்டுகள் வாடகை கொடுத்தவர் என்பதை இங்கு நினைவுகூர்வோம்.

இது பெயர் மாற்றிய வட்டியன்றோ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வேறுபாடு நட்டத்தில் விளங்கும். வெள்ளத்தில் வீடு இடிந்தால் வங்கிக்குத் தர வேண்டிய கடன் அப்படியே நிற்கும். கூட்டுரிமையில் சங்கம் தன் பங்கின் நட்டத்தைத் தானே ஏற்க வேண்டும். குடியிருக்க இயலாத வீட்டுக்கு வாடகையும் இல்லை. வாடகை ஒப்பந்தமும் பங்கு விற்பனையும் தனித்தனியே அமைய வேண்டும். பங்கின் விலையை வாங்கும் வேளையில் நிலவும் மதிப்பை ஒட்டி முடிவு செய்ய வேண்டும். இந்நிபந்தனைகள் காகிதத்தில் மட்டும் இருந்தால் கேள்வி கேட்டவரின் ஐயமே மெய்யாகிவிடும்.

முதலும் முன்னெச்சரிக்கையும்

சங்கத்திற்கு முதல் எங்கிருந்து வரும்? வசதியுள்ளோர் பங்குதாரர்களாகச் சேரலாம். வாடகையில் அவர்களுக்குரிய பகுதி ஹலாலான வருவாயாகும். பைத்துல்மால்கள் அழகிய கடனாகச் சுழல்நிதி தரலாம். ஜகாத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் தகுதியுடையவருக்கு உடைமையாக ஒப்படைக்கப்பட வேண்டும். எனவே அதைச் சங்கத்தின் முதலாக முடக்கலாகாது. தகுதியுள்ள குடும்பத்தின் கையில் தந்து, அது தன் முன்பங்கை வாங்கச் செய்யலாம். வக்ஃபு நிலத்தை விற்க இயலாது. வாகிஃபின் நிபந்தனையை மீறவும் இயலாது. ஆகவே சொந்த வீட்டுக்கு வக்ஃபு மனையை நாடுவதைவிட, இந்நோக்கத்திற்கென்றே புதிய வக்ஃபுகளை ஏற்படுத்துவது பொருத்தம்.

சட்டத்தின் தடைகளையும் மறைக்கலாகாது. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா நிதிச் சேவையைப் பரிந்துரைத்தும், இஸ்லாமிய வங்கித் திட்டத்தைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் தெரிவித்தது. எனவே வங்கியாக அன்றி, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற வீட்டு வசதிச் சங்கமாக இயங்குவதே தக்க வழி. பங்கு கைமாறும்போது எழும் முத்திரைத் தீர்வைச் சுமையைத் தொடக்கத்திலேயே வழக்கறிஞரைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

'ஹலால் முதலீடு' என்ற பெயரைக் கண்டு நம் மக்கள் ஏமாந்த வரலாறும் உண்டு. 2019இல் பெங்களூருவின் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. தாடியும் தஸ்பீஹும் தணிக்கைக்கு மாற்றாகா. உறுதியான இலாபம் என்று வாக்களிக்கும் எந்த அமைப்பும் கூட்டுரிமையின் இலக்கணத்தையே மீறுகிறது. ஆண்டுதோறும் வெளித்தணிக்கை, கணக்கை எந்த உறுப்பினரும் பார்க்கும் உரிமை, நிர்வாகத்தில் தொழிலாளிகளுக்கும் குறிப்பாகப் பெண்களுக்கும் இடம் ஆகியவை விட்டுக்கொடுக்க இயலாதவை. ஒரே லைனில் வாழும் பிற சமயத்து அண்டை வீட்டாருக்கும் சங்கத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமை மார்க்கம் பாராது என்பது நாம் மிம்பர்களில் சொல்லிவரும் செய்தியே.

பெருந்திட்டம் எதையும் நாம் இங்கு முன்வைக்கவில்லை. ஒரு ஜமாஅத், இருபது குடும்பங்கள், பேருந்து நிற்கும் தொலைவில் அங்கீகாரம் பெற்ற ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலம், வாரக்கூலியிலிருந்து சனிக்கிழமைதோறும் செலுத்தும் சேமிப்பு, அதைப் பதிவுசெய்யும் ஒரு நோட்டு என்று தொடங்கினால் போதும். இரண்டு ஆண்டுகள் தவறாமல் சேமித்த அந்த நோட்டு, சம்பளச் சீட்டு இல்லாதவருக்குச் சம்பளச் சீட்டாக நிற்கும்.

ஹராம் என்று ஒரு கதவை மூடும் பொறுப்பு உலமாக்களுடையது என்றால், ஹலாலான கதவைத் திறக்கும் பொறுப்பும் நம்முடையதே. அந்தச் சகோதரர் எட்டாவது வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அடுத்த முறை அவர் நம்மிடம் கேட்கும்போது, சட்டத்தை மட்டுமின்றிச் சங்கத்தின் முகவரியையும் சொல்லும் நிலையில் நாம் இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.